தொண்ணூற்றொன்பது டிகிரி

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அவரைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் நேர்மையான மனிதர், அடுத்தவர் காசில் ஒரு வாய் காபிகூடக் குடிக்காதவர் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு, அந்த நேர்மையால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பேர் வேண்டாம். பேர் சொன்னால் செஞ்சியில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்கள் நாலு பேர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அறுபதுகளின் கடைசி அது. செஞ்சியில் கல்லூரி கிடையாது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே அவர் பௌதிக விரிவுரையாளர். நான் அதே துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர், அதாவது லேபில் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுகிறவள். இரண்டு பேருக்கும் வீடு செஞ்சி என்பதால் தினமும் ஒரே பஸ். அவர் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து மடியில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொள்வார். கையில் ஒரு முனை சிவப்பும் மறு முனை நீலமுமாக ஒரு பென்சில். தப்புக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு நீலம். நீல முனை தேய்ந்து நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பேர் தப்பு சார்.

ஞாயிற்றுக்கிழமை காலாற நடக்கக் கோட்டைப் பக்கம் போவார். வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற ஆள் ஒருவன் அங்கே இருந்தான். கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் கிடக்கும் பீரங்கியைக் காட்டி, இதில் சுட்டால் குண்டு திருவண்ணாமலையில் போய் விழும் என்று அளந்துகொண்டிருப்பான். இவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, குண்டு என்ன எடை, மருந்து எவ்வளவு, குழாய் என்ன நீளம் என்று ஆரம்பிப்பார். மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டு, எதிரே இருக்கிற கிருஷ்ணகிரிக் குன்றைத் தாண்டினாலே பெரிய விஷயம் என்று நிரூபித்துவிட்டுத்தான் நகர்வார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்துவிடுவார்கள். வயிற்றுப் பிழைப்பு சார் என்று அவன் ஒருமுறை கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினானாம். அவன் பிழைப்புக்கும் குண்டு போகிற தூரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்டார். கிண்டலாக இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. எங்கள் அப்பா வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். வீசை போய்க் கிலோ வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எந்தத் தராசு என்ன காட்டுகிறது என்று குடியானவர்களுக்குப் பிடிபடாத காலம். ஒருநாள் அவர் கல்லூரி லேபிலிருந்து பித்தளை எடைக்கற்களைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மண்டிக்கு வந்து, மூட்டை போட வந்தவர்கள் எதிரிலேயே எங்கள் தராசில் வைத்துப் பார்த்தார். தராசு குறைத்துக் காட்டியது. அப்பா கத்தினார், மண்டி ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் குரலை உயர்த்தவுமில்லை, நகரவுமில்லை. தராசைச் சரி செய்கிற ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா என் மேல் பாய்ந்தார்.

"அந்த வாத்தியாராண்ட வேல பாக்கறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"தராசுதான் நைனா வெக்கப்படணும்" என்றேன்.

அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த மனிதரும் இவரும் ஒரே ஆள்தான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

ஜூன் பிறந்தால் மெட்ராஸிலிருந்து புத்தகக் கம்பெனி ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்கள் கல்லூரியில் பி.யு.சி. என்கிற முதல் வருஷப் பிள்ளைகளுக்கு எந்தப் பௌதிகப் புத்தகம் என்று முடிவாகிவிட்டால் நூறு பிரதிக்கு மேல் விற்கும், சும்மாவா. துறைத் தலைவரிடம் போனால் அவர்களுக்குக் காபி கிடைக்கும். இவரிடம் போனால் சிவப்புப் பென்சில்தான். வீட்டில் பிடிக்கலாம் என்று சாயங்காலம் போனால், இவர் ஜைனர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், ஆள் இலையில் இருப்பார். வெளியே காத்திருந்து, கொண்டுவந்த புத்தகத்தைக் கொடுத்தால், கை கழுவிவிட்டு வந்து ஏதோ ஒரு பக்கத்தைப் பிரிப்பார். பிரித்த பக்கத்தில் தப்பு இருக்கும். அது எப்படித்தான் இருக்குமோ, இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து மலிவு விலையில் வந்த தடிமனான புத்தகம் ஒன்று. அதில் உராய்வைப் புரிய வைக்கப் பனியில் சறுக்கிப் போகிற பையன் படம். நம் பிள்ளைகள் பனிக்கட்டியைப் பார்த்தது ஐஸ் வண்டியில்தான், அங்கே போய் உராய்வு படிக்கட்டுமா என்று கேட்டு மூடிவிட்டார். இங்கிலாந்துப் புத்தகத்தில் எல்லாம் அடியும் பவுண்டும். நாட்டில் கிலோ வந்தது அவனுக்குத் தெரியாதா என்றார். இன்னொன்றில் கப்பியின் படத்தில் கயிறு போகிற விதத்தில் இழுத்தால் பாரம் மேலே வராது, கீழேதான் போகும். அவர் சொன்ன குறைகளில் ஒன்றுகூட அநியாயமானது இல்லை. எல்லாம் சரி. வருஷா வருஷம் எல்லாப் புத்தகத்திலும் சரியாகக் குறை சொல்லி, எல்லாவற்றையும் தள்ளி, கடைசியில் பிள்ளைகள் கைக்கு வந்தது என்ன தெரியுமா. துறைத் தலைவரின் மைத்துனர் இங்கிலீஷில் எழுதிய நோட்ஸ். கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று அச்சிட்ட சாணித்தாள். வேறு எதையும் மூன்று பேரும் ஒத்துக்கொள்ளவில்லையே, இருப்பதே இருக்கட்டும் என்று தலைவர் ஒவ்வொரு வருஷமும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொல்வார். மூன்று பேர் என்றால் தலைவர், இவர், நான்.

அப்புறம் பி.யு.சி. பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம் என்று ஒரு வருஷம் வந்தது. அந்த வருஷம்தான் சிங்கவரத்திலிருந்து அஞ்சலை வந்து சேர்ந்தாள். செஞ்சி உயர்நிலைப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி.யில் பெண்களில் முதலாவதாக வந்தவள். சிங்கவரத்திலிருந்து நடந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, எங்கள் பஸ்ஸில் ஏறுவாள். அவள் அப்பா என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருஷம் அனுப்புகிறேன், பாஸானால் மேலே படிக்கட்டும், தவறினால் அனந்தபுரத்தில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்றார். மிரட்டலாக இல்லை. மழை வந்தால் விதைப்பேன், வராவிட்டால் இல்லை என்பது மாதிரிதான் சொன்னார்.

முதல் இரண்டு வாரம் அந்தப் பெண் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு நோட்ஸை உருப்போட்டாள். இங்கிலீஷ் வாக்கியத்தில் எங்கே மூச்சு விடுவது என்றுகூடத் தெரியாமல், அர்த்தம் தெரியாமல், தொடங்கினால் முற்றுப்புள்ளி வரைக்கும் ஒரே மூச்சு. நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் புத்திசாலிப் பெண்.

ஆடி பிறந்த சமயத்தில் அந்தத் தமிழ்ப் புத்தகம் வந்தது. தெற்கே எங்கோ ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதியது. மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றத்தை வைத்து வேலையும் திறனும், மாட்டு வண்டிச் சக்கரத்தை வைத்து உராய்வு, நெல் அவிக்கிற அண்டாவை வைத்து வெப்பம். நான் ஒரே மூச்சில் படித்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் அஞ்சலையிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். இரண்டு பக்கம் போவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னாடி சிரிக்கிற என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்கு, எங்க கெணத்த பத்தி எழுதிக்கிறாங்கடி என்றாள். அந்த வாரம் பூராவும் புத்தகம் பஸ்ஸில் கைமாறிக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த வருஷம் நோட்ஸ் ஒழிந்தது என்று நினைத்தேன். அவரிடம் அந்தப் பிரதியைக் கொடுத்ததும் நான்தான்.

மூன்றாம் நாள் அவர் பஸ்ஸில் ஏறும்போதே முகம் சிவந்திருந்தது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்கிற இடத்தில், செஞ்சிக் கோட்டை உச்சியில் தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று போட்டிருந்தது. அவர் அடித்த அடியில் பக்கத்து வரி வரைக்கும் சிவப்பாகி, தாளே கிழிந்திருந்தது. அந்த ஆள் மலையேறிப் பார்த்தானா, அடுப்பு வைத்துப் பார்த்தானா என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

சரி, பார்த்துவிடலாமே என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி ஏறினோம். அவர், நான், ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு லேப் அட்டெண்டர், தண்ணீர்க் குடத்தோடு அஞ்சலை, கூட நாலைந்து பிள்ளைகள். லேபில் ஏற்கெனவே சரி பார்த்து வைத்த தெர்மாமீட்டரை அவர் மேல்துண்டில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆடிக் காற்று அடித்த அடியில் ஸ்டவ் பற்றவே இல்லை. கடைசியில் உச்சியில் இருக்கிற பழைய நெற்களஞ்சியத்துக்குள் கொண்டுபோய் வைத்து, வாசலை என் குடையாலும் பிள்ளைகளின் முதுகாலும் மறைத்தோம். குரங்குகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதரசம் தொண்ணூற்றொன்பதில் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அஞ்சலை கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப தொண்ணூத்தஞ்சு வரணும்னா எவ்ளோ ஒசரம் ஏறணும் சார்?"

அவர் அவளைப் பார்த்தார். சுவரிலேயே கரியால் கணக்குப் போட்டார். அவளும் கூடவே போட்டாள். ஏற்காட்டு உயரத்துக்குப் போக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தது. இறங்கும்போது, பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே என்கிற அவசரத்தில்கூட, அவள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று பதில் சொன்னார். பி.யு.சி.யில் அவள் பௌதிகத்தைப் புரிந்துகொண்ட நாள் என்றால் அன்றைக்குத்தான். அந்தத் தப்பான வரியால்தான் அது நடந்தது. இது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் தலைவர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தமிழ்ப் புத்தகம்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். தலைவருக்கே அந்த வருஷம் கொஞ்சம் பயம். தமிழில் எழுதப்போகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நோட்ஸைக் கொடுத்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். மூன்று பேர் கையெழுத்தும் இருந்தால் மாற்றிவிடலாம் என்று பேனாவைத் திறந்து முதலில் அவரே போட்டார். நான் போட்டேன். தாளை இவர் பக்கம் தள்ளினேன்.

"இதுல தப்பு இருக்குது. நான் போட மாட்டேன்" என்றார்.

அந்த ஓரிடத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டிவிடலாம் என்றேன். இல்லாவிட்டால் வகுப்பில் சொல்லி அடித்துத் திருத்திக்கொள்ளச் செய்யலாம் என்றேன். கண்ணில் பட்டது ஒன்று என்றால் படாதது எத்தனையோ என்றார். அந்த நோட்ஸில் பக்கத்துக்குப் பக்கம் தப்பு இருக்கிறதே என்றேன். அதற்கும் நான் கையெழுத்துப் போடவில்லையே என்றார். வாஸ்தவம். அவர் எதற்குமே போட்டதில்லை. அவர் கை சுத்தம். தலைவர் பேனாவை மூடி, அப்படியானால் இருப்பதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். இந்தத் தடவை அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை.

நீ வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதிக் கேட்டேன். அந்த ஆசிரியர் சொந்தக் காசில் அச்சிட்டது கொஞ்சம். கேட்ட கல்லூரிகளுக்கே போதவில்லை, அடுத்த வருஷம் மறுபடி அச்சிடும்போது அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். செஞ்சியில் இருந்த ஒரே பிரதி இவரிடம். அஞ்சலை அதை இரவல் கேட்டாள். தப்பு இருக்கிற புத்தகத்தைப் படிக்கிற பிள்ளை கையில் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்றும் கவலைப்படாதே, தப்பில்லாத புத்தகத்தை நானே எழுதித் தருகிறேன் என்று வேறு சொன்னார்.

எழுதவும் எழுதினார். அதுதான் வேடிக்கை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி தினமும் வகுப்பில் தமிழில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் வந்து, நேற்று சொன்னதில் அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள் என்பார். அதற்கடுத்த நாள் திருத்தியதை அடிக்கச் சொல்வார். அழகாகத்தான் சொன்னார், நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தை பிறந்தபோது அளவைகள் என்கிற முதல் அத்தியாயம்தான் முடிந்திருந்தது. பரீட்சை வந்தபோது இரண்டாம் அத்தியாயத்தில் நின்றிருந்தார். வெப்பமும் ஒளியும் மின்சாரமும் அப்படியே கிடந்தன. லேப் நேரத்தில் நான் என்னால் ஆனதைச் சொல்லிக் கொடுத்தேன். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் எவ்வளவு முடியும்.

அஞ்சலை மற்ற எல்லாவற்றிலும் பாஸ். பௌதிகத்தில் மட்டும் ஃபெயில். தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் எனக்கு மோர் கொடுத்து மரியாதையாக உட்கார வைத்து, ஆனியில் கல்யாணம், வந்துவிடுங்கள் என்றார்.

ஆடியில் புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள் இல்லையா. நாங்கள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அனந்தபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் அண்ணன் மூட்டையோடு முன்னால் நடக்க, அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். அவர் வேகமாக அவளிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டாவது அத்தியாயம் முடிஞ்சிருச்சும்மா. எடுத்துக்கினு வந்து தரேன். ஒரு தப்பு இருக்காது. அத வச்சிக்கினு மறுபடி எழுது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கோபமெல்லாம் இல்லை. லேபில் அளவு சொல்கிற குரலில் சொன்னாள்.

"அந்த புக்குல ஒரே ஒரு தப்புதான் சார் இருந்திச்சு. அந்த புக்கு இல்லாததால நான் எழுதனது அத்தனையும் தப்பு சார்."

அண்ணன் திரும்பிப் பார்த்து வா என்றான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னிடம் வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்தப் பேச்சிலும் ஒரு குறையைக் கண்டுபிடிக்கிற மனிதர், அதில் ஒன்றும் கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டில் அப்படியே நின்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் அவரைச் சாப்பிடப் போங்கள் என்று சொல்லவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை.

அந்த வாரமே தலைவர் எங்களைக் கூப்பிட்டார். தமிழ்ப் புத்தகம் மறுபடி அச்சாகி வந்திருந்தது. நான் பிரித்துப் பார்த்தேன், தொண்ணூற்றைந்து அப்படியே இருந்தது. இவர் முன்னால் வைத்தேன். அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை. தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

புத்தகம் வந்து பிள்ளைகள் கைக்குப் போன அன்று நான் அடுத்த அறையில் லேபில் இருந்தேன். அவர் குரல் கேட்டது. பக்கத்தைச் சொல்லிப் பிரிக்கச் சொன்னார். செஞ்சிக் கோட்டை என்று இருக்கிற வரியைப் பார்க்கச் சொன்னார். தொண்ணூற்றைந்தை அடித்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதியாச்சா என்று கேட்டார். எழுதியாச்சு சார் என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அந்தத் திருத்தத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கையில் இருந்த குடுவையை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு வந்த கோபம்தான், இன்னும் போகவில்லை.